ஐம்பதாவது பிரிவும் அயிலைக் குழம்பும்

அபுதாபி முசஃபாவில் நாங்கள் நான்கு பேர் ஒரே ரூம், ஒரே மெஸ். மெஸ் என்றால் வேறொன்றுமில்லை. ஆளுக்கொரு நாள் முறைவைத்துச் சமைப்பது. டியூட்டி முடிந்து வந்ததும் தரையில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, சட்டியை நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவது. அதற்கு முன் சவூதியில், தம்மாமில் சுவரைப் பார்த்தபடி தனியாகத் தின்றுகொண்டிருந்தவன் நான். அந்தப் பிழைப்பு மறுபடி வரவே கூடாது என்றிருந்தேன். அப்படிப்பட்ட நான்தான் மெஸ்ஸை விட்டு விலகினேன்.

என் முறையன்று அயிலைக் குழம்பு வைத்தேன். கன்னியாகுமரிக் கடற்கரைக்காரன் வைப்பதுபோல், தேங்காயை மையாக அரைத்து, கெட்டியாக. குளித்துவிட்டு வந்து பார்த்தால் மீன்கள் ரசத்தில் மிதக்கின்றன. எங்கள் ரூமின் கீழக்கரைப் பக்கத்து அண்ணன், உதிரிபாகக் கடையில் நிற்பவர், ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றியிருந்தார்.

"சிமெண்டுக் கலவை மாதிரி இருந்துச்சுடா. அதான் கொஞ்சம் எளக்கிவிட்டேன்" என்றார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "நான் மெஸ்ஸ விட்டுப் போறேன். கலாஸ், முடிஞ்சுபோச்சு" என்றேன்.

அந்த நேரம் பார்த்து டிவியில் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போகும் கூத்து ஓடிக்கொண்டிருந்தது. ரூமின் மூன்றாவது ஆள் அதை மெகா சீரியல் போலத் தவறாமல் பார்ப்பவர். திருநெல்வேலியில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்துவிட்டு, இங்கே ஒர்க்‌ஷாப்பில் டைம்கீப்பர் ஆனவர். அவர் கையைத் தூக்கினார்.

"நெனச்ச ஒடனே போயிர முடியாதுல்லா. ஒரு நாடே போவணும்னாலும் ஒன்றியத்து ஒப்பந்தத்துல ஐம்பதாவது பிரிவுல நோட்டீஸ் குடுக்கணும். நோட்டீஸ் காலம் முடியுதவரைக்கும் நீ மெம்பர்தான். மொறைக்கு ஆக்கிப் போடணும்."

நாட்டுக்கு இரண்டு வருடம், எனக்கு இரண்டு மாதம் என்று அவரே தீர்ப்புச் சொன்னார். எதற்கெடுத்தாலும் அச்சா சொல்லும் தஞ்சாவூர் வெல்டர், எங்களில் நாலாவது ஆள், இதற்கும் அச்சா என்றார்.

பேச்சுவார்த்தை தொடங்கியது. அயர்லாந்தில் எல்லைக்கோட்டை எங்கே போடுவதென்று அங்கே மண்டையை உடைத்துக்கொண்டார்கள். இங்கே ஒரே ஃபிரிட்ஜ், ஒரே அடுப்பு. முட்டைத் தட்டு யார் பக்கம், இஞ்சி பூண்டு விழுது எந்தக் கதவு வழியாகப் போய்வரும் என்றெல்லாம் குமாஸ்தா ஷரத்து போட்டார். நான் வீம்புக்கு ஒவ்வொன்றையும் நிராகரித்தேன். கெடு முடியும் நாள் வந்தது. நீட்டிக்க எல்லோரும் சம்மதிக்க வேண்டுமாம். சாரத்தின் உச்சியில் நின்றுகொண்டிருந்த வெல்டருக்கு போன் போட்டு அச்சா வாங்கினோம்.

இதற்கிடையில் குமாஸ்தா ஒன்றைச் சொல்லிவைத்தார். "கெடு முடியுததுக்குள்ள நோட்டீஸ நீயே வாபஸ் வாங்கிக்கிடலாம். யார்ட்டயும் கேக்க வேண்டாம். முடிஞ்சா போச்சு. பொறவு திரும்பச் சேர புதுசா மனு போடணும், அத்தன பேரும் சம்மதிக்கணும்."

ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அவர்களில் யாராவது 'போகாதே' என்று சொல்வார்கள் என்று காத்திருந்தேன். வாயைத் திறக்க வேண்டியவன் நான்தான் என்று அவர்கள் இருந்தார்கள்.

நீட்டித்த கெடுவின் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து அண்ணன் பிரியாணி வைத்தார். நாலு பேரும் சட்டியைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம். குமாஸ்தா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார், அவ்வளவுதான். அத்தோடு நான் மெஸ்ஸை விட்டு வெளியே வந்துவிட்டேன். அதே மாதத்தில் பிரிட்டனும் போய்ச் சேர்ந்தது. அன்று ராத்திரி சமையலறை டைல்ஸைப் பார்த்தபடி நின்றுகொண்டே பருப்புச் சோறு தின்றேன். தம்மாம் சுவரே தேவலாம் போலிருந்தது.

மறுநாள் அண்ணன் கூப்பிட்டார். "தம்பி, வாங்க. நம்ம ரூம்ல ஒருத்தர் தனியாச் சாப்பிடுறதா? விருந்தாளியா வந்து உக்காருங்க."

விருந்தாளி என்றால் முதல் கரண்டி எனக்கு. மீன் தலை எனக்கு. தட்டைக் கழுவப் போனால் பிடுங்கிக்கொள்வார்கள். நான் ஆக்குகிறேன் என்றால், "விருந்தாளியச் சமைக்கச் சொல்ற பழக்கம் எங்க ஊர்ல இல்ல" என்பார் அண்ணன். மனுப் போடலாமா என்று கேட்டால், சட்டி பானை முதல் முப்பது தலைப்புகளில் பேசி முடிக்க வருடக்கணக்கில் ஆகும் என்றார் குமாஸ்தா. வாரக்கணக்கில் இந்த மரியாதையைத் தின்று எனக்கு நெஞ்சை அடைத்தது. 'டேய்' என்று என்னைக் கூப்பிட அந்த ரூமில் ஆளில்லை. அழுகையே வந்துவிட்டது.

ஒரு நாள் அண்ணன் தொழப் போயிருந்தார். அடுப்பில் அவருடைய கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு செம்புத் தண்ணீரை எடுத்து அதில் ஊற்றிவிட்டு வந்து, விரிப்பின் ஓரத்தில் விருந்தாளியாக உட்கார்ந்துகொண்டேன்.

முதல் வாயிலேயே அண்ணன் கத்தினார். "எவண்டா கொழம்புல தண்ணிய ஊத்துனது?"

"நான்தான்."

"அறிவிருக்காடா ஒனக்கு? நாளைக்கு நீ ஆக்குறே. நான் வந்து ஒரு பானத் தண்ணிய ஊத்துறேன், பாரு!"

குமாஸ்தா கையைத் தூக்கினார். "இது சட்டப்படி செல்லாது. ஏகமனதாத் தீர்மானம்..."

"கலாஸ்!" என்றார் அண்ணன். வெல்டர் அச்சா என்றார்.

மறுநாள் விடிந்ததும் முதல் ஆளாக மீன் மார்க்கெட்டுக்குப் போனேன்.