யூனிஃபார்ம் கடையில் ஒரு பட்டியல்

பி.முட்லூர் கூட்ரோட்டில் உரக்கடை வைத்திருக்கும் தில்லைநாதனின் ஒரே தங்கை தமிழ்ச்செல்வி. மங்கலம்பேட்டைக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள், ஏழு வருடம்கூட நிறையாமல் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தாள். புருஷன் கொளஞ்சியப்பன் டிராக்டர் ஓட்டினான். பெண்ணாடம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிக்கொண்டு போனபோது வாய்க்கால் மதகில் டிரெய்லர் சாய்ந்து, அவன் அடியில் போய்விட்டான். காரியம் முடிந்த மறுநாளே தில்லைநாதன் வேன் பிடித்துக்கொண்டு போய்த் தங்கையையும் அவள் குழந்தைகள் இரண்டையும் அழைத்து வந்தான். அப்போது இலக்கியாவுக்கு ஐந்து வயது, கதிரவனுக்கு மூன்று.

அண்ணனைப் பற்றி என்ன கசப்பு இருந்தாலும் அந்த ஒன்றைத் தமிழ்ச்செல்வி மறைத்ததில்லை. "கூட்டியாந்தது அவருதான். யாரும் சொல்லி வரல" என்பாள்.

வந்த வீட்டில் அவள் சும்மா இருக்கவில்லை. அண்ணி வினோதினிக்கு முதுகுவலி. சமையல், துணி, மாடியில் காயப்போடும் வடகம், கடை ஆட்களுக்கு டீ என்று எல்லாம் ஒவ்வொன்றாகத் தமிழ்ச்செல்வியின் கைக்கு வந்து சேர்ந்தன. அண்ணன் மகள் தன்ஷிகாவுக்கும் இலக்கியாவுக்கும் ஒரே வயது. தன்ஷிகாவுக்குத் தலை வாருவதும் அத்தைதான். அவள் வாரினால்தான் வலிக்காது என்று அந்தப் பெண் சீப்பைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வரும்.

வந்து ஒரு வருடம் ஆனபோது அப்பா விட்டுப்போன நிலத்தின் பேச்சு வந்தது. கண்ணில் படாத மேட்டு நிலம்தான் அது. நாலுவழிச் சாலை பக்கத்தில் வந்ததும் அதற்கு விலை வந்துவிட்டது. விற்பதற்குத் தங்கையின் கையெழுத்து வேண்டும். தில்லைநாதன் சுற்றி வளைக்கவில்லை. பத்திர ஆபீஸ் வாசலில் இளநீர் வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னான்.

"செல்வி, காசா குடுத்தா உங்கிட்ட நிக்காது. உன் புள்ளைங்க ரெண்டும் எம் புள்ள படிக்கிற ஸ்கூல்லயே படிக்கட்டும். காலேஜ் வரைக்கும் நான் பாத்துக்கறேன். இது எம் பொறுப்பு."

தன் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தை அவள் முழுக்கப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளியிலேயே இரண்டாவதாக வந்தவள். படிக்கத் தெரியாமல் ஏமாந்தாள் என்று யாரும் சொல்ல முடியாது. 'என் சகோதரர் மீதுள்ள அன்பினாலும் பாசத்தினாலும்' என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியைப் படித்தபோது அவளுக்கு மனம் நிறைந்துகூட இருந்தது.

அண்ணனும் சொன்னதைச் செய்தான். இரண்டு வருடம் மூன்று குழந்தைகளும் ஒரே மஞ்சள் வேனில் ஏறிப் போனார்கள். ஜூன் பிறந்தால் தமிழ்ச்செல்வி மூன்று பேரின் நோட்டுகளையும் கூடத்தில் பரப்பி, பிரவுன் பேப்பர் அட்டை போட்டு, லேபிளில் பெயர் எழுதுவாள். அவளுடைய கையெழுத்து அச்சடித்தது போல இருக்கும். தன்ஷிகாவின் வகுப்பு டீச்சர் அதைப் பார்த்துவிட்டு, எந்தக் கடையில் எழுதி வாங்கினீர்கள் என்று கேட்டாராம்.

மூன்றாவது வருடம் மே மாதக் கடைசி ஞாயிறன்று யூனிஃபார்ம் வாங்கக் கடலூருக்குக் கிளம்பினார்கள். பள்ளிக்கூடம் கைகாட்டிய கடை அங்கேதான், லாரன்ஸ் ரோடு பக்கம் ஒரு சந்தில் இருந்தது. காரில் குழந்தைகள் மூன்றும் பின்சீட்டில் தமிழ்ச்செல்வியோடு நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஆலப்பாக்கம் தாண்டும் வரை பாட்டும் கூத்தும்தான். தில்லைநாதன் மட்டும் வாயே திறக்கவில்லை. வெயில் தலைவலியாக இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

கடைக்குள் கால் வைக்க இடமில்லை. டோக்கன் வாங்கிக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றார்கள். ஓரத்தில் தகப்பன் ஒருவன் தரையில் மண்டியிட்டு மகனுக்கு ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். இரைச்சலுக்கு நடுவே யாரோ ஒரு குழந்தை டை கழுத்தை அறுக்கிறது என்று அழுதது. எண் கூப்பிட்டதும் வினோதினி கைப்பையோடு முன்னால் போனாள். தில்லைநாதன் போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் ஒதுங்கினான்.

விற்பனைப் பெண் பள்ளியின் பெயரைக் கேட்டுவிட்டு, இரண்டு சிறுமிகளையும் ஒரு பார்வை பார்த்து, அளவு சொல்லி உடுப்பை எடுத்துப் போட்டாள். இலக்கியா பாவாடைக் கவுனையும் சட்டையையும் வாங்கிக்கொண்டு துணித்திரைக்குப் பின்னால் ஓடினாள். வெளியே வந்து கண்ணாடி முன்னால் நின்றாள். நாலாம் வகுப்பிலிருந்து கவுனுக்கு மேல் கோட்டு உண்டு. அவள் அதன் பட்டனைப் போட்டாள், கழற்றினாள், மறுபடியும் போட்டாள். கதிரவன் அதற்குள் கறுப்பு ஷூவை மாட்டிக்கொண்டு 'டக் டக்' என்று மிதித்து நடந்துகொண்டிருந்தான்.

"ஹவுஸ் டிஷர்ட்டுக்குப் பேரு சொல்லுங்க. எந்தப் புள்ள எந்தக் கலருன்னு ஸ்கூல்ல இருந்து லிஸ்ட் வந்திருக்கு" என்றாள் விற்பனைப் பெண்.

"தன்ஷிகா. நாலாவது."

"ப்ளூ ஹவுஸ். அடுத்து?"

தமிழ்ச்செல்விதான் சொன்னாள். "இலக்கியா. அதே நாலாவதுதான்."

அந்தப் பெண் விரலை வைத்து மேலிருந்து கீழே இறங்கினாள். தாளைத் திருப்பினாள். மறுபடியும் மேலிருந்து வந்தாள்.

"அந்தப் பேருல யாரும் இல்லீங்களே."

"நான் ரெட் ஹவுஸ் அக்கா" என்றாள் இலக்கியா. "போன வருஷமே ரெட் ஹவுஸ். நல்லாப் பாருங்க."

"எல்லாம் பாத்துட்டேன் பாப்பா. இல்ல."

"ரெண்டாவதுல கதிரவன்னு பாரும்மா" என்றாள் தமிழ்ச்செல்வி. அதுவும் இல்லை. அப்போதுகூட அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. பள்ளிக்கூடத்தில் எழுதியவர்கள் விட்டிருப்பார்கள் என்றுதான் நினைத்தாள். "அண்ணி, அண்ணனக் கூப்புடுங்க. ஸ்கூலுக்கு ஒரு போன் போட்டாத் தெரிஞ்சிடும்" என்று சொல்லித் திரும்பினாள். வினோதினி அவளைப் பார்க்காமல் தன்ஷிகாவின் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

"எனக்குத் தெரியும்" என்றாள் தன்ஷிகா, சின்னக் குரலில். "அப்பா சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

தில்லைநாதன் உள்ளே வந்தான். தங்கையின் முகத்தைப் பார்த்ததும் போனைச் சட்டைப்பையில் போட்டான்.

"வீட்டுக்குப் போயி பேசிக்கலாம் செல்வி."

"என்ன பேசறது? பேரு ஏன் இல்ல?"

"போன மாசமே டிசி வாங்கிட்டேன். உங்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். நேரம் வாய்க்கல. ரெண்டு வருஷமா மழை சரியில்ல, கடையில ஓட்டமே இல்ல. மூணு பேருக்கும் கட்ட முடியல. கவர்மெண்ட் ஸ்கூல்ல இப்பல்லாம் நல்லாத்தான் சொல்லித்தராங்க. யூனிஃபார்ம்ல இருந்து செருப்பு வரைக்கும் அவுங்களே குடுக்கறாங்க."

"உங்களால முடியலன்னா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல? நானே போயி சேத்திருப்பேன். இங்க கூட்டியாந்து எதுக்கு நிக்க வச்சீங்க?"

அவன் வினோதினி பக்கம் திரும்பிப் பார்த்தான். தன்ஷிகாவை இந்தக் கூட்டத்தில் சமாளிக்க வினோதினியால் முடியாது, பையைத் தூக்கவும் ஆள் வேண்டும், காரணம் அவ்வளவுதான். அது அவளுக்கும் புரிந்துவிட்டது.

"பத்திர ஆபீஸ் வாசல்ல என்ன சொன்னீங்கண்ணே?"

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தில்லைநாதனுக்கு முகம் சிவந்தது. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னான், ஆனால் தெளிவாகச் சொன்னான்.

"சொன்னேன். எழுதியா குடுத்தேன்?"

தமிழ்ச்செல்வி இலக்கியாவிடம் திரும்பி, "கழட்டும்மா" என்றாள். இலக்கியா திரைக்குப் பின்னால் போகவில்லை. நின்ற இடத்திலேயே கோட்டைக் கழற்றி, மடித்து, மேஜைமேல் வைத்தாள். கவுனையும் கழற்றக் கை வைத்தபோது விற்பனைப் பெண்தான் ஓடிவந்து அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனாள்.

கதிரவன் ஷூவைக் கழற்ற மாட்டேன் என்று காலை உதறினான்.

"ஷூவ வச்சுக்கட்டும், நாங்க வாங்கித் தரோம்" என்றாள் வினோதினி. "அது எந்த ஸ்கூலுக்கும் போட்டுக்கலாம்ல."

தமிழ்ச்செல்வி தரையில் உட்கார்ந்தாள். ஒரு கையால் மகனின் காலை இறுக்கிப் பிடித்து, மறுகையால் முடிச்சை அவிழ்த்தாள். அவன் அலறினான். அவனை அவள் அதுவரை அடித்ததில்லை, அன்றைக்கு அடித்தாள். பிறகு இரண்டு குழந்தைகளையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்து, பஸ் ஸ்டாண்ட் வரை வெயிலில் நடந்தாள். யாரும் பின்னால் கூப்பிடவில்லை.

சிதம்பரம் பஸ்ஸில் கதிரவன் தேம்பித் தேம்பித் தூங்கிவிட்டான். இலக்கியா ஜன்னல் பக்கம் பார்த்தபடி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"ஏம்மா, தன்ஷிகா எங்கூடவே ஒரே தட்டுல சாப்ட்டாளே, அப்பயும் அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்று தமிழ்ச்செல்வி பொய் சொன்னாள்.

மறுநாள் சிதம்பரம் கோர்ட்டுக்கு எதிரே ஞானசேகரன் என்ற வக்கீலைப் போய்ப் பார்த்தாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"படிச்சுப் பாத்துதான கையெழுத்துப் போட்டீங்க?"

"ஆமா சார்."

"அதுல புள்ளைங்க படிப்பப் பத்தி எதுனா இருந்துச்சா?"

"இல்ல சார். வாயாலதான் சொன்னாரு."

அவர் பேனாவை மூடிவிட்டார். "அன்பாக் குடுத்தேன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்கம்மா" என்றார். அவர் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது அவளுக்கு ரொம்ப வலித்தது.

டிசிகள் உரக்கடை மேஜை டிராயரில் கிடந்தன. கேட்டதும் தில்லைநாதன் எடுத்துக் கொடுத்தான். கடையிலேயே நின்று அவள் படித்தாள். பள்ளியை விட்டு நீங்கக் காரணம் என்ற இடத்தில், 'பெற்றோர் விருப்பம்' என்று எழுதியிருந்தது. கீழே அண்ணனின் கையெழுத்து.

"புள்ளைங்க அப்பா செத்துட்டாரு. நான் இன்னும் இருக்கேன்" என்றாள் தமிழ்ச்செல்வி. தில்லைநாதன் மூட்டை எண்ணிக்கொண்டிருந்த ஆளிடம் ஏதோ கேட்பதுபோல எழுந்து போய்விட்டான்.

அந்த வாரமே அவள் வீட்டைவிட்டுக் கிளம்பினாள். சிதம்பரத்தில் ஓர் அறை கிடைத்தது. கீழே மாவு மில். பகல் முழுக்கச் சுவர் அதிரும். பல்கலைக்கழகம் போகிற வழியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் தமிழ் டைப்பிங்குக்கு ஆள் தேடினார்கள், சேர்ந்துகொண்டாள். குழந்தைகள் நகராட்சிப் பள்ளியில் சேர்ந்தார்கள். தலைமையாசிரியை சின்னம்மாள் டிசியைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், எதுவும் கேட்காமல் பதிவேட்டில் எழுதிக்கொண்டார். பள்ளிக்கூடம் மோசமில்லை. கதிரவன் பத்தே நாளில் பழகிவிட்டான். காலையில் அங்கே தரும் பொங்கலைப் பற்றி வீட்டில் வந்து கதை சொன்னான்.

இலக்கியாதான் மாறிப்போனாள். நன்றாகப் படித்தாள், ஆனால் எதையும் ஆசையாகக் கேட்பதை விட்டுவிட்டாள். சீருடை கொடுத்த அன்று அதை அப்படியே பையில் கொண்டுவந்து வைத்தாள். "போட்டுப் பாரேன்டி" என்றதற்கு, "பேரு லிஸ்ட்ல இருக்கான்னு பாத்துட்டியா?" என்று கேட்டாள். எட்டு வயதுப் பெண்ணின் வாயில் அப்படி ஒரு கேலியைத் தமிழ்ச்செல்வி அதற்குமுன் கேட்டதில்லை.

மார்கழித் தேருக்கு மூவரும் போனார்கள். கீழவீதியில் கூட்டம் நெரிந்தது. ஒரு வளையல் கடை அருகே யாரோ பின்னாலிருந்து ஓடிவந்து தமிழ்ச்செல்வியின் இடுப்பைக் கட்டிக்கொண்டார்கள். தன்ஷிகா. தலை கோணல்மாணலாகப் பின்னியிருந்தது.

"அத்த! எப்ப வருவீங்க? அம்மா வாருனா ரொம்ப வலிக்குது அத்த."

குழந்தைமேல் தப்பில்லை என்று தமிழ்ச்செல்விக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் அந்தக் கைகள் பட்டதும் அவளுக்கு நினைவு வந்தது கடலூர்க் கடையும், "எனக்குத் தெரியும்" என்ற அந்தச் சின்னக் குரலும்தான். கைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். முன்னே நடந்தாள். பத்தடி போய்த் திரும்பிப் பார்த்தபோது தன்ஷிகா அதே இடத்தில் வாயைக் கோணிக்கொண்டு நின்றிருந்தாள். வினோதினி கூட்டத்தை விலக்கிக்கொண்டு மகளைத் தேடி வருவதும் தெரிந்தது.

தமிழ்ச்செல்விக்குத் திரும்பிப் போக வேண்டும்போல இருந்தது. கால் வரவில்லை.

பக்கத்தில் இலக்கியா சிரித்துக்கொண்டிருந்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் முகத்தில் வந்த சிரிப்பு அது.

"நல்லா வேணும் அவளுக்கு" என்றாள்.

மகளை அதட்ட வேண்டும் என்று தமிழ்ச்செல்வி வாயைத் திறந்தாள். எந்த முகத்தோடு அதட்டுவது? கதிரவன் தேரைப் பார்க்கத் தூக்கச் சொல்லிக் கையை நீட்டினான். அவனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, இலக்கியாவின் கையைப் பிடித்தபடி கூட்டத்தோடு நடந்தாள்.