ஃபேஸ் டு ஃபேஸ் பேசணும்

சென்னையிலிருந்து அண்ணன் வாட்ஸப்பில் ஒரே வரி அனுப்பியிருந்தார். 'வெள்ளிக்கிழமை வாரேன். ஃபேஸ் டு ஃபேஸ் பேசணும்.' படித்ததுமே போனை மனைவியிடம் நீட்டினேன்.

சங்கரன்கோவிலில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனுக்கு இந்த வார்த்தையின் அர்த்தத்தை யாரும் சொல்லித்தர வேண்டாம். நேருக்கு நேர், முகத்துக்கு முகம் என்று பள்ளிக்கூடத்தில் எழுதிப்போட்டார்கள். அதெல்லாம் பரீட்சைக்கு. நல்ல சேதியை எவனும் ஃபேஸ் டு ஃபேஸ் சொல்வதற்காகக் காத்திருக்க மாட்டான். பேரன் பிறந்தால் ஆஸ்பத்திரி வாசலில் நின்று போனிலேயே கத்துவான். பாகப்பிரிவினை, பஞ்சாயத்து, பேசிவைத்த சம்பந்தம் முறிவது, இதற்குத்தான் 'நேர்ல பேசிக்கிடுவோம்' என்பார்கள். அதையே இங்கிலீஷில் சொன்னால் ஆள் முடிவெடுத்துவிட்டார் என்று அர்த்தம்.

எனக்கும் அண்ணனுக்கும் நடுவே பிரிக்காமல் கிடப்பது இந்த வீடு ஒன்றுதான். அப்பா கட்டியது. முன்னறையில் என் கடை, பின்னால் குடித்தனம். விற்கலாம் என்று அவர் சொல்லிவிட்டால் நானும் மனைவியும் தெருவில்தான் நிற்க வேண்டும். ரத வீதிப் பக்கம் மனை என்ன விலை போகிறது என்பது சென்னைக்குத் தெரியாமலா இருக்கும்? போதாததற்கு, ஆறேழு மாதமாக மனிதர் போனை எடுப்பதே இல்லை. மணி அடித்து ஓயும், அப்புறம் ஒரு மெசேஜ் வரும். "பேச்சுக் குடுத்தா வீட்டு விஷயம் வாய் தவறி வந்திரும்னு பயப்படுதாரு," என்றாள் மனைவி. ஊர்த் திருவிழா ஆடித் தபசுக்கே வராதவர் ஒன்றுமில்லாத வெள்ளிக்கிழமைக்கு வருகிறார் என்றால் வேறென்ன நினைப்பது?

அவருடைய மகன் ரயிலேற்றிவிட்டான். ஸ்டேஷனுக்குப் போய் நான் அழைத்து வந்தேன். காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டவர் உட்காராமல் வீட்டைச் சுற்றினார். சுவரைத் தடவினார். உத்திரத்தை அண்ணாந்து பார்த்தார். விலை போடுகிறார் என்று மனைவி எனக்குக் கண்ணைக் காட்டினாள்.

"ஏலே, அம்மா படுத்திருந்தது இந்த ரூம்தானா?"

"ஆமா."

"கிணறு எங்கன இருந்துச்சு?"

பிறந்து வளர்ந்த வீட்டில் கிணறு எங்கே என்று கேட்கிறாராம். நடிப்புக்கும் ஓர் அளவு வேண்டாமா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அதை மூடி எம்புட்டோ நாளாச்சு," என்று மட்டும் சொன்னேன்.

மத்தியானச் சாப்பாடு வரை பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். கை கழுவிவிட்டு வந்ததும் நானே ஆரம்பித்தேன். "அண்ணே, வீட்டை விக்கணும்னா நேரா சொல்லிருங்க. சுத்தி வளைக்காதீங்க."

அவர் மலங்க மலங்க விழித்தார். "வீட்டை எதுக்குலே விக்கணும்?"

பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். மகன் டாக்டரிடம் காட்டியிருக்கிறான். ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறதாம். முழுசாக நிறுத்துவதற்கு மருந்து கிடையாதாம்.

"ஒன் பேரு போன்ல வருது. எடுத்தா குரல் யாரோ பேசுத மாதிரி இருக்குலே. கூடப்பொறந்தவன்ட்ட போயி நீ யாருன்னு எப்படிக் கேக்க? பயந்துபோயி எடுக்கதே இல்ல. மூஞ்சியப் பாத்தா தெரியுது. இன்னும் தெரியுது. அதான் ஓடியாந்தேன்."

காலையிலிருந்து அவர் கை எங்கே போகிறது, கண் எங்கே போகிறது என்றுதான் காவல் காத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. சவரம் செய்ததில் ஒரு பக்கம் விட்டுப்போயிருந்தது.

நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரில் போட்டேன்.

"கண்ணாடியக் கழட்டிட்டு உக்காருலே," என்றார்.

கழற்றினேன். எனக்கு அவர் மங்கலாகத்தான் தெரிந்தார். அவர் பார்க்கட்டும் என்று அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.