மைக் குரலுக்குத் தலையாட்டிய மனிதர்

டாக்டர்கள் பேச வேண்டிய விஷயத்தை, பத்தாம் வகுப்போடு நின்ற நான் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். வாய் திறந்து சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லவில்லை... அதனால்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

போன மாதம் டீ குடிக்கும்போது என் வீட்டுக்காரருக்கு வாய் ஒரு பக்கம் கோணியது. கால் மணி நேரத்தில் சரியாகிவிட்டது. இருபது வருஷம் லாரி ஓட்டிய மனிதர். "காத்து பட்டிருக்கும் புள்ள" என்றார். நாமக்கல் டாக்டர் அப்படி நினைக்கவில்லை. மாத்திரை கொடுத்து, மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார்.

அந்த ஆஸ்பத்திரியிலேயே புது மெஷின். சாய ஊசி போடாமலே, ஓடுகிற ரத்தத்தையே படம் பிடிக்குமாம். டெக்னீஷியன் தம்பி இவர் தலைக்கு இரண்டு பக்கமும் ஸ்பாஞ்ச் வைத்தார். கொண்டை ஊசியைக் கழற்றி வைத்துவிட்டு நானும் உள்ளே போய்க் கால்மாட்டில் உட்கார்ந்தேன்.

வெளி அறையிலிருந்து அந்தத் தம்பியின் குரல் மைக்கில் வந்தது. "ஐயா, அடுத்த படம் அஞ்சு நிமிஷமுங்க. ஆடாம இருக்கோணுமுங்க."

"சரிங்க" என்று தலையாட்டினார் இவர்.

டமடமவென்று சத்தம். பாதியில் மறுபடி குரல். "ஐயா, ஆடாதீங்க!"

"சரிங்க, சரிங்க." இரண்டு ஆட்டல்!

எங்கள் பக்கத்தில் யாராவது மரியாதையாகப் பேசினால் கழுத்து தானாக ஆடும். லாரி ஓனரிடமும் செக்போஸ்ட்டிலும் ஆட்டிப் பழகிய தலை வேறு... மெஷினுக்குள் போனால் மட்டும் அடங்குமா?

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வெளியே வந்ததும் அந்தத் தம்பியிடம் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? படித்த பையன், அவருக்குத் தெரியாததா என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அசைவால் படம் தெளிவில்லை, மறுபடி எடுக்கவும் — ரிப்போர்ட் இவ்வளவுதான்.

"அடுத்த வாரம் பாத்துக்கலாம். மரவள்ளிக் கெழங்கு புடுங்க ஆள் சொல்லிப்போட்டேன்" என்றார் இவர். அதற்கு நான் தலையாட்டினேன்.

ஐந்தாம் நாள் காலை, சட்டைப் பட்டன் போட வலது கை வரவில்லை. பேச்சும் குழறியது. எங்கள் ஊர் மல்லசமுத்திரத்திலிருந்து ஆம்புலன்ஸில் அதே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஸ்கேன் அறை வாசலில் அன்றுதான் எனக்கு வாய் வந்தது.

"தம்பி, மைக்குல பேசாதீங்க. பேசுனா தலையாட்டுவாரு."

அந்தத் தம்பி என்னையே பார்த்தார். "அக்கா, இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்களே! பேசாமயே எடுத்திருப்பேன். நூலளவு நகர்ந்தாலும் குழாய் ரெண்டு ரெண்டாத் தெரியுமுங்க."

பேசாமல் எடுத்தார். படம் பளிச்சென்று வந்தது. மூளையின் இடது பக்கக் குழாய் ஓரிடத்தில் சுருங்கிக் கிடந்தது எனக்கே தெரிந்தது. "போன வாரமே இது தெரிஞ்சிருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மெஷினை வருஷத்துக்கு வருஷம் நல்லதாக்குகிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்டாட்டியின் கூச்சத்துக்கு யார் என்ன செய்ய முடியும்?

மறுநாள் இவர் இடது கையால் இட்லி சாப்பிட்டார்.