முதுகு தேய்க்க ஆளில்லாதவள்

கொரியாவின் மாசான் துறைமுகத்து மீன் சந்தைக்குப் பின்னால் இருக்கும் பெண்கள் பொதுக் குளியல் வீட்டில் சனிக்கிழமை மத்தியானம் உட்கார ஒரு முக்காலி கிடைப்பதே பெரும்பாடு. கருவாட்டுக்காரி, வலை பின்னுகிறவள், கிம்ச்சி ஊறுகாய் விற்கும் நான், எல்லாரும் துணியை அவிழ்த்துப் பெட்டியில் வைத்துப் பூட்டும்போதே வெட்கத்தையும் சேர்த்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போவோம். சுடுதண்ணீர்த் தொட்டியில் ஊறியபடி ஊர்வம்பு பேசுவோம். பிறகு பச்சை நிறச் சொரசொரப்புத் துணியைக் கையில் மாட்டிக்கொண்டு அழுக்கு உருண்டு உருண்டு விழும்வரை தேய்ப்போம். முதுகு மட்டும் கைக்கு எட்டாது. அதைப் பக்கத்தில் இருப்பவளிடம் காட்ட வேண்டியதுதான். அவள் தேய்த்துவிட்டால் நாமும் அவளுக்குத் தேய்த்துவிட வேண்டும். பேர்கூடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

பில்சுன் அக்காவுக்கு அந்தக் கவலையே இருந்ததில்லை. அவளுக்கு ஓக்சிம் இருந்தாள். இரண்டு பேரும் சந்தையில் பக்கத்துப் பக்கத்துக் கடையில் நெத்திலி விற்றவர்கள். வாரத்தில் ஆறு நாள் வாடிக்கையை இழுக்கிறாய் என்று ஒருத்தியை ஒருத்தி கிழித்துத் தொங்கவிடுவார்கள். சனிக்கிழமை வந்தால் ஒரே சோப்புக் கூடையோடு சேர்ந்து குளிக்க வருவார்கள்.

"மெதுவாடி, தோலை உரிச்சு நெத்திலியோட காயப் போடப்போறியா?" என்பாள் ஓக்சிம்.

"உன் தோலை எவ வாங்குவா? பேசாம உக்காரு" என்பாள் பில்சுன் அக்கா. அவள் கை அப்படி. தேய்த்து முடித்தால் முதுகு வேகவைத்த நண்டுபோலச் சிவந்துவிடும்.

பில்சுன் அக்காவுக்குப் பிள்ளை கிடையாது. கப்பலுக்குப் போன புருஷன் குடித்தே செத்தான். "அவன் இருந்தப்பவே இல்லாத மாதிரிதான்" என்று சிரித்துக்கொண்டே சொல்லுவாள். அவன் சாவுக்கு இரண்டு நாள்தான் கடையை மூடினாள். ஓக்சிம் செத்தபோது ஒரு மாசம் மூடினாள். திரும்பி வந்தபோது, எதிர்த்துச் சண்டை போட ஆளில்லாமல் அவள் வாய் அடங்கிப்போயிருந்தது.

குளியல் வீட்டுச் சுவரில் முதுகு தேய்க்கும் யந்திரம் ஒன்று உண்டு. பொத்தானை அமுக்கினால் வட்டமாகச் சுற்றும், நாம் போய்ச் சாய்ந்துகொள்ள வேண்டும். அக்காவுக்கு அதைக் காட்டினேன்.

"அது என்ன, நல்லா இருக்கியான்னு கேக்குமா?" என்றாள்.

காசுக்குத் தேய்த்துவிட குவாக் என்று ஒருத்தி இருந்தாள். மூலையில் பிளாஸ்டிக் மேஜை போட்டு, கறுப்பு உள்ளாடையோடு நிற்பாள். அந்த அறையிலேயே துணி போட்டிருப்பவள் அவள் ஒருத்திதான். அவள் மேஜையில் படுக்கச் சொன்னதற்கு அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "காசு குடுத்து முதுகு தேய்ச்சுக்கிட்டா, எனக்கு ஆளில்லைன்னு ஊருக்கே போர்டு மாட்டின மாதிரி ஆகிடாதாடி?"

அதனால் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். தனியாக உட்கார்ந்திருப்பவள் பின்னால் போய், ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றித் தேய்க்க ஆரம்பித்துவிடுவாள். பாதி முதுகு தேய்த்த பிறகு வேண்டாம் என்று யார் சொல்லுவார்கள்? சந்தைப் பெண்கள் சிரித்துக்கொண்டு திரும்பி அவளுக்கும் தேய்த்துவிடுவோம். ஆனால் எங்கள் அவசரம் எங்களுக்கு. நாலு இழுப்பு இழுத்துவிட்டு எழுந்துவிடுவோம். கொஞ்ச நாளில், அவள் வருவதைப் பார்த்ததும் தொட்டிக்குள் நழுவிக்கொள்ளவும் பழகிவிட்டோம். "வந்துட்டாடி, முதுகை ஒளிச்சு வை" என்று யாராவது கிசுகிசுப்பார்கள். எல்லாரும் சிரிப்போம். சிரித்தவர்களில் நானும் உண்டு.

ஒரு சனிக்கிழமை, கடலோரம் புதிதாக எழும்பிய அடுக்குமாடியிலிருந்து ஒரு இளம்பெண் வந்திருந்தாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்து தலைக்கு ஷாம்பு போட்டுக்கொண்டிருந்தாள். கண்ணெல்லாம் நுரை. அக்கா பின்னால் போய் வழக்கம்போலத் தண்ணீரை ஊற்றிக் கையை வைத்தாள். அந்தப் பெண் அலறித் துள்ளியதில் முக்காலி உருண்டது.

"யாரு நீங்க? எதுக்கு என்னைத் தொடுறீங்க?"

"முதுகுதாம்மா. ஒரு நிமிஷம். நல்லா தேய்ச்சு விடுறேன்."

"நான் கேட்டேனா உங்களை?"

அவள் நுரையோடு வெளியே போய் முதலாளியம்மாவிடம் புகார் சொன்னாள். முதலாளியம்மா உள்ளே வரவில்லை. பார்த்துக்கொள் என்று குவாக்கிடம் சொல்லி அனுப்பினாள். குவாக்குக்கு ஏற்கெனவே வயிற்றெரிச்சல். ஓசியில் தேய்த்துவிடுகிறவள் ஒருத்தி இருந்தால் அவளுடைய மேஜை காலிதானே.

கறுப்பு உள்ளாடையோடு அக்காவின் முன்னால் போய் நின்றாள். தண்ணீர் இரைச்சலில் கேட்க வேண்டும் என்று கத்தித்தான் பேசினாள்.

"பெரியம்மா, இனிமே இங்க யாரையும் தொடக் கூடாது. தேய்ச்சுக்கணும்னா சீட்டு வாங்கிட்டு வந்து மேஜையில படுங்க. வர்றவங்க எல்லாம் அருவருப்பா இருக்குன்னு சொல்றாங்க."

புகார் சொன்னது ஒருத்திதான், அந்த வார்த்தையை அவளும் சொல்லவில்லை. ஆனால் தொட்டியில் கழுத்தளவு உட்கார்ந்திருந்த நாங்கள் யாரும் அதை எடுத்துச் சொல்லவில்லை.

அக்கா எங்களை ஒரு முறை பார்த்தாள். பிறகு மடியிலிருந்த சின்னத் துண்டை எடுத்து மார்பை மூடிக்கொண்டாள். அந்த அறைக்குள் எந்தப் பெண்ணும் அப்படி மூடிக்கொண்டு நான் பார்த்ததில்லை. ஒரு கையால் துண்டைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் சோப்பைத் தேடி எடுத்துக்கொண்டு, ஈரத் தலையோடு போய்விட்டாள்.

அப்புறம் பல சனிக்கிழமைகள் அவள் வரவில்லை. சந்தையில் பார்த்தால், "வீட்லயே குளிச்சுக்கறேன்டி, முட்டி வலி" என்பாள். முட்டி வலியோடு நாள் பூராவும் கடையில் நிற்கிறாளே என்று நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பாள், அதைக் கேட்கத்தான் எனக்குத் தெம்பில்லை.

பனிக்காலம் ஆரம்பித்த சனிக்கிழமை அவள் வந்தாள். நேராகப் போய்க் கையிலிருந்த சீட்டைக் குவாக்கிடம் நீட்டினாள். மேஜையில் ஏறிக் குப்புறப் படுத்தாள்.

"அழுக்கு நிறைய இருக்கும். கோச்சுக்காதே" என்றாள்.

குவாக் தேய்த்தாள். முதுகின் நடுவில், கை எட்டாத இடத்தில், அழுக்கு ஒரு பட்டையாகப் படிந்திருந்தது. அது திரி திரியாக உருண்டு மேஜையில் விழுந்ததை எல்லாரும் பார்த்தோம். அக்கா முகத்தை முழங்கைக்குள் புதைத்துக்கொண்டாள். எனக்குத் தண்ணீரில் இருக்கவே முடியவில்லை. அந்தப் பட்டை படிந்த நாளெல்லாம் என்னுடைய கை சும்மாதானே இருந்தது.

அவள் மேஜையிலிருந்து இறங்கியதும் தொட்டியைவிட்டு எழுந்து போனேன். முக்காலியை இழுத்து அவள் முன்னால் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். என் பச்சைத் துணியைத் தோளுக்கு மேலே நீட்டினேன்.

"அக்கா, எனக்குத் தேய்ச்சு விடு."

அவள் வாங்கிக்கொள்ளவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் குவாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவளே கேக்குறா," என்றாள். "தேய்க்கலாமா?"

எழுபத்தைந்து வயசுக்காரி. சந்தையில் போலீஸ்காரனையே வாடா போடா என்று பேசியவள். குவாக் திரும்பிக்கொண்டாள். மேஜையில் தண்ணீரை வீசி வீசி அடித்து, சுத்தமான இடத்தையே திரும்பத் திரும்பக் கழுவினாள். பிறகு சரி என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

அக்கா துணியை வாங்கிக் கையில் மாட்டிக்கொண்டாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன், அந்தக் கையின் பலம் தெரிந்ததால். முதுகில் என்னமோ பட்டது. கை வைத்தாளா, துணி மட்டும் உரசிப் போகிறதா என்றே தெரியவில்லை. பிறத்தியார் வீட்டுப் பீங்கானைத் துடைப்பதுபோலத் துடைத்தாள்.

"அழுத்தித் தேய் அக்கா. உன் கைக்கு என்ன ஆச்சு?"

"வேணாம்மா. வலிக்கப் போகுது."

"வலிக்கட்டும்க்கா."

"இப்ப அப்படித்தான் சொல்லுவ" என்றாள். அவள் கை கடைசிவரை அழுத்தவில்லை.