லனுவோலாவின் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள்

ஒரு பெரிய வீட்டை மொத்தமாக வாடகைக்குப் பிடித்து, அறை அறையாக மற்றவர்களுக்கு விடுகிறவள், வீட்டுக்காரரை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பாள்? பள்ளி முடித்த புதிதில் எனக்கு இதற்குப் பதில் தெரியாது. லனுவோலாவுக்கும் தெரியவில்லை என்பதுதான் வேடிக்கை. அவள் தொழிலே அதுதான்.

தீவு நாடொன்றின் தலைநகரான ஆப்பியாவில் வங்கி வேலையை உதறிவிட்டு வந்தவள் அவள். வெளிநாட்டு நிறுவனம் ஒன்றிடம் இணையத்தில் மொத்தமாக இடம் வாங்கி, துண்டு போட்டுக் கடைகளுக்கும் தேவாலயங்களுக்கும் ரக்பி சங்கங்களுக்கும் விற்பாள். மூன்றே ஆண்டில் நாற்பத்துமூன்று இணையதளங்கள் சேர்ந்துவிட்டன. பழைய இடம் திணறியது. ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு தேங்காயைத் துருவி முடித்துவிடலாம் என்று ஊரே கேலி பேசியது.

அந்த நேரத்தில்தான் கடற்கரையில் சுற்றுலாக்காரர்களுக்குக் குடில்கள் வாடகைக்கு விடும் பெனினா அத்தை ஆசை காட்டினாள்.

"அடுத்த மாசம் முதல் திங்கக்கிழமை காலையில எங்க மகளிர் குழு கூடுது. குடில் வெச்சிருக்கிற பதினோரு பேர் வர்றாங்க. என் தளம் எப்படி ஓடுதுன்னு காட்டு. பிடிச்சுப்போச்சுன்னா அத்தனை பேரும் உன்கிட்டதான்."

புது இடம் தேடியதில் இரண்டு நிறுவனங்கள் மிஞ்சின. ஆக்லாந்துக்காரர் விலை கொஞ்சம் கூட. அமெரிக்காக்காரர் மலிவு. போதாக்குறைக்கு அவருடைய இணையப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: பழுதுபார்க்கும் வேலை ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

பேருந்து ஓட்டும் கணவன் செமீசி அதைப் படித்துவிட்டுத் துள்ளினான். "ஞாயித்துக்கிழமை கோயில், சாப்பாடு, குறட்டை. என் பஸ்ஸே ஓடாது. உன் தளம் ஓடலைன்னா எவன் கேக்கப்போறான்? இதை எடு லனு!"

எடுத்தாள். ஒரே வாரத்தில் நாற்பத்துமூன்று தளங்களையும் குடிமாற்றினாள்.

அந்தத் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் பதினோரு பெண்களும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். லனுவோலா பெனினா அத்தையின் தளத்தைத் திறந்தாள். திரையில் ஒரே வாசகம்: 'இனிய ஞாயிறு! பழுதுபார்க்கிறோம்.'

பதறிப்போய் அமெரிக்காவுக்குப் போன் போட்டாள்.

"சொன்னபடி ஞாயித்துக்கிழமைதானே செய்றோம், மேடம்?"

"ஞாயித்துக்கிழமை நேத்தே முடிஞ்சுபோச்சுங்க!"

"இங்க இப்பத்தான் நடந்துக்கிட்டிருக்கு, மேடம்."

பெண்கள் பாயில் உருண்டார்கள். பெனினா அத்தைக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. "அடிப் பொண்ணே! நாடே நாள்காட்டியை மாத்தினப்ப நீயும் இங்கதானே இருந்தே? வியாழன் முடிஞ்சதும் நேரா சனிக்குத் தாவி, ஒரு வெள்ளிக்கிழமையை முழுசா முழுங்கி ஏப்பம் விட்ட ஊரு இது. அமெரிக்காக்காரன் நமக்கு ஒரு நாள் பின்னால வர்றான்னு மறந்துட்டியா?"

"அந்த வெள்ளிக்கிழமை என் பொறந்தநாள் அத்தை. அந்த வருஷம் கேக்கே வெட்டல."

மறுபடி சிரிப்பு. ஆனால் ஓரத்தில் இருந்த ஒருத்தி கேட்டாள்: "அப்போ வாராவாரம் திங்கக்கிழமை எங்க குடில் பதிவுக்கெல்லாம் லீவா?"

சிரிப்பு நின்றது. பதினோரு பேரும் கைநழுவிப் போவது லனுவோலாவின் கண்ணுக்குத் தெரிந்தது.

"இல்லைங்க. நான் சரியா விசாரிக்கல, தப்பு என்னோடது" என்றாள். அங்கேயே ஆக்லாந்து எண்ணை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

"நீங்க ரிப்பேர் வேலை எப்ப பாப்பீங்க? உங்க ஊரு நேரம் வேணாம், எங்க ஊரு நேரத்துல சொல்லுங்க."

"ஆப்பியாவில விடிகாலை மூணு மணி. ரெண்டு நாள் முன்னாடியே சொல்லிடுவோம்."

"திங்கக்கிழமை எட்டு மணிக்கு?"

"அப்ப எதையும் தொட மாட்டோம். மொத்தம் எத்தனை தளம் வரும்?"

லனுவோலா மெதுவாகப் பெண்களைத் திரும்பிப் பார்த்தாள். பெனினா அத்தை தன் குழுவை ஒரு முறை முறைத்தாள். ஒரு கை உயர்ந்தது, பிறகு இன்னொன்று. மூன்று பேர் மட்டும், ஒரு திங்கட்கிழமை ஒழுங்காகப் போகட்டும், பிறகு பார்க்கலாம் என்று கையைக் கட்டிக்கொண்டார்கள்.

"பழைய நாப்பத்திமூணும் இந்த எட்டும் சேத்து அம்பத்தியொண்ணு" என்று போனைப் பார்த்துக் கத்தினாள் அத்தை.

இணையத்தில் இடம் தேடும் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், அவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள். லனுவோலாவிடம் கேட்டுவிட்டேன், அவள் பெயரைச் சொல்லியே சிரிக்கலாமாம்.