ஊரே டயல் செய்த நம்பர்

போன வாரம் எங்கள் ஊரில் எல்லோரும் ஒரே நம்பருக்கு போன் செய்துகொண்டிருந்தோம். நானும் செய்தேன். என் வீட்டுக்காரரும் செய்தார். யாரும் எடுக்கவில்லை. ஆனாலும் நாங்கள் விடுவதாக இல்லை.

நடுவானில் காணாமல் போன அந்த விமானத்தைப் பற்றி நீங்களும் டிவியில் பார்த்துப் பார்த்து அலுத்துப் போயிருப்பீர்கள். அதில் போனவர்களில் ஒருவர் முருகையன். எங்கள் ஊரான உறுவையாறுதான் அவருக்கும். எங்கள் தெருவிலேயே கொஞ்சம் தள்ளி வீடு. வெளிநாட்டில் ஏசி மெக்கானிக். லீவில் வந்துவிட்டு வேலைக்குத் திரும்பிப் போனார். அவர் ஏறிய விமானம் போய்ச் சேரவில்லை.

அவர் மனைவி செல்வி. அரியாங்குப்பத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். என்னை அக்கா என்பாள். கறிவேப்பிலைக்கும் தயிர் உறைக்கும் வந்து போகிற அளவுக்குத்தான் பழக்கம். ஆனால் செய்தி வந்த அன்று காலையில் அவள் நேராக எங்கள் வீட்டுக்குத்தான் ஓடி வந்தாள்.

"அக்கா... ரிங் போவுதுக்கா!"

முருகையனிடம் இரண்டு போன். வெளிநாட்டு நம்பர் ஒன்று, நம்ம ஊர் நம்பர் ஒன்று. வெளிநாட்டு நம்பர் ஸ்விட்ச்டு ஆஃப். நம்ம ஊர் நம்பரில் ரிங் போகிறது. நானும் என் போனில் போட்டுப் பார்த்தேன். போனது.

ரிங் போகிறதென்றால் போனில் சார்ஜ் இருக்கிறது. டவர் இருக்கிறது. டவர் இருந்தால் கடலில் விழவில்லை. கடலில் விழவில்லையென்றால் எங்கேயோ இறங்கியிருக்கிறது... இப்படி ஒன்றின் மேல் ஒன்றாக நாங்களே அடுக்கிக்கொண்டு போனோம். செல்வியின் முகம் கொஞ்சம் தெளிந்தது. அந்த முகத்தைப் பார்த்த பிறகு, "அவசரப்படாதே" என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அன்று மத்தியானமே மளிகைக் கடை பாஸ்கர் அந்த நம்பரை ஊர் வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டார். குரூப்புக்கு அவர்தான் அட்மின். ரொம்ப நல்ல மனுஷன். எனக்கு எப்போதும் நல்ல மனுஷர்களை நினைத்துத்தான் பயம். கெட்டவர்கள் கொஞ்சம் யோசித்தாவது செய்வார்கள். "நம்ம முருகையன் அண்ணன் நம்பர். ரிங் போகிறது. எல்லோரும் முயற்சி செய்யவும். அதிகம் பகிரவும்." பகிர்ந்தார்கள். பாகூர் வரைக்கும் போய்விட்டது.

அப்புறம் ஆளுக்கொரு விளக்கம்.

என் வீட்டுக்காரர் ரிட்டயர் ஆன பிறகு ரிமோட்டைக் கீழே வைத்ததே இல்லை. நாலு நிபுணர்கள் ஒரே நேரத்தில் கத்துவதைக் கேட்டுவிட்டு, ஐந்தாவதாக எனக்குச் சொல்வார். "பைலட்டுதான். பிளான் பண்ணி தீவுல எறக்கிட்டான்." எந்தத் தீவு? "அதத்தான் மறைக்கிறானுங்க." யார் மறைக்கிறார்கள்? அந்தக் கேள்வி வந்ததும் டிவியில் விளம்பரம் வந்துவிடும்.

பூரணாங்குப்பத்திலிருந்து மீன் கொண்டு வருகிற அம்மாவும் விடவில்லை. "கடல்ல உழுந்திருந்தா இந்நேரத்துக்கு எங்காளுங்க வலையில எதுனா மாட்டியிருக்கும்மா." அது எந்தக் கடலோ, இது எந்தக் கடலோ என்றேன். "எல்லாம் ஒரே தண்ணிதானே" என்று சங்கரா மீனைத் தட்டில் போட்டாள்.

யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், "எனக்குத் தெரியாது" என்று சொன்னால் அவருக்கு ஒரு சால்வை போர்த்தலாம் என்று இருந்தது. அவ்வளவு அசதி எனக்கு. "தெரியாது" என்பது என்ன கெட்ட வார்த்தையா? அதைச் சொல்ல ஏன் நமக்கு இவ்வளவு கூச்சம்?

மறுநாள்தான் விஷயம் விபரீதமாகப் போனது. நம்பர் பிஸி!

'நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் வேறொரு அழைப்பில் இருக்கிறார்.' யாரோ அதை ரெக்கார்டு செய்து குரூப்பில் போட, ஊரே துள்ளியது. "அண்ணன் யார்கிட்டயோ பேசிக்கினு இருக்காரு! உசுரோடதான் இருக்காரு!" கோயிலில் சிதறு தேங்காய் உடைத்தார்கள். செல்வி அழுதுகொண்டே சிரித்தாள்.

அந்தச் சந்தோஷம் சாயங்காலம் வரை கூடத் தாங்கவில்லை. ஏனென்றால் அடுத்த கேள்வி வந்துவிட்டது. பேசுகிறான், சரி. யாரிடம்?

பெண்டாட்டியிடம் பேசவில்லை. பெற்ற தாயிடம் பேசவில்லை. அப்படியானால்...? இந்தப் புள்ளிகளை நம் ஆட்கள் சும்மா விடுவார்களா? இருட்டுவதற்குள் நிரப்பிவிட்டார்கள். முருகையன் விமானத்தில் ஏறவே இல்லையாம். வேறு ஒருத்தி இருக்கிறாளாம். ஏர்போர்ட் வரை போய், அப்படியே அவளோடு போய்விட்டானாம். "பயணிகள் பட்டியலில் பேர் இருக்கிறதே?" என்று கேட்டேன். "டிக்கெட் போட்டா ஏறியே ஆவணும்னு இருக்கா?" என்றார் என் வீட்டுக்காரர். பைலட், தீவு எல்லாவற்றையும் ஒரே நாளில் கைவிட்டுவிட்டார்.

செல்வியின் மாமியார் வாசலுக்கு வந்து தெரு கேட்கக் கத்தினாள். "எம்புள்ளைய நீ ஒழுங்கா வச்சிருந்தா அவன் இன்னாத்துக்குடி இன்னொருத்திய தேடிப் போறான்?" அரியாங்குப்பத்திலிருந்து செல்வியின் அண்ணன்மார்கள் பைக்கில் வந்து இறங்கினார்கள். தங்கையைக் கூட்டிக்கொண்டு போகிறோம் என்றார்கள். அவள் போக மாட்டேன் என்று நின்றாள். அந்த போன் எந்த டவரில் இருக்கிறது என்று கண்டுபிடித்துத் தரச் சொல்லிப் போலீசில் மனு கொடுத்திருந்தார்கள். அதற்குப் பதில் வர நாளாகும். அதுவரைக்கும் ஊர் பொறுக்குமா?

ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவளை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். ஒரு வாய் சாப்பிடவில்லை.

"நானும் உடாம அடிக்கிறேங்க்கா. எனக்கு மட்டும் பிஸியாவே வருது. எம்மேல இன்னாக்கா கோவம் அவருக்கு? போற அன்னிக்கு கருவாட்டுப் பொட்டலம் வாணாம்னாரு. நாந்தான் பையில வச்சி திணிச்சேன். அதுக்காக்கா?"

கருவாட்டுக்காக யாரும் பெண்டாட்டியை விட்டுப் போக மாட்டார்கள் என்றேன். வேறென்ன சொல்வது? அவள் தன் கல்யாண வாழ்க்கை முழுவதையும் கிளறி, தான் செய்த தப்பு எது என்று தேடிக்கொண்டிருந்தாள்.

அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, நானும் ஒரு தடவை அந்த நம்பரைப் போட்டேன். பிஸி. அதே நேரத்தில் ஹாலிலிருந்து சத்தம். "ஏய்! ரிங் போவுது! ரிங் போவுது!"

போய்ப் பார்த்தேன். அவரும் அதே நம்பரைத்தான் அடித்துக்கொண்டிருந்தார்.

"கட் பண்ணுங்க" என்றேன். பண்ணினார். நான் அடித்தேன். ரிங் போனது. இப்போது அவர் அடித்தார். "அட, பிஸி வருதே!"

ஆகக்கூடி, முருகையனோடு ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அந்த மர்மப் பெண், எங்கள் வீட்டு ஹாலில் லுங்கியோடு உட்கார்ந்திருந்தார். அவர் மட்டுமா? நான், பாஸ்கர், மீன்கார அம்மா, பாகூரில் முகம் தெரியாத யார் யாரோ. ஒரு நம்பரை ஊரே மாற்றி மாற்றி அடித்தால் அது எப்போதும் பிஸியாகத்தான் இருக்கும். இது புரிய இத்தனை பேருக்கு இவ்வளவு நேரமா?

விடிந்ததும் பாஸ்கர் கடையில் போய் நின்றேன். "யாரும் அடிக்காதீங்கன்னு குரூப்ல போடுங்க. அவ ஒருத்தி மட்டும் அடிக்கட்டும்." உடனே போட்டார். வரிசையாகக் கட்டை விரல் வந்தது. ஆனால் எல்லோரும் நிறுத்திவிட்டார்களா என்று பார்ப்பதற்காக எல்லோரும் ஒரு தடவை அடித்துப் பார்த்தார்கள். நம்பர் மறுபடியும் பிஸி.

கடைசியில் மாரியம்மன் கோயில் மைக்தான் கை கொடுத்தது. கூழ் ஊற்றுவதற்கும், தண்ணீர் வராததற்கும் அறிவிப்புச் செய்கிற மைக். பாஸ்கரே பேசினார். "பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோள். நம்ம முருகையன் அண்ணனுக்கு தயவுசெஞ்சி யாரும் போன் பண்ணாதீங்க. அவுங்க வூட்லேருந்து பேசணும். யாரும் பண்ணாதீங்க." வெளியூர்க்காரர்கள் அதற்குள் வேறு ஏதோ வீடியோவுக்குப் போய்விட்டிருந்தார்கள். அதுவும் நல்லதாகப் போயிற்று.

செல்வி வீட்டு வாசலில் தெருவே கூடிவிட்டது. அவள் ஸ்பீக்கரில் போட்டாள். ரிங் போனது. போய்க்கொண்டே இருந்தது. மாமியார் கண்ணை மூடிக் கை கூப்பிக்கொண்டு நின்றாள். அப்புறம்...

"ஹலோ?"

ஆண் குரல்.

எந்தக் குரல் வந்திருந்தாலும் அந்த நிமிஷம் செல்விக்கு அது அவர் குரல்தான். "எங்கங்க இருக்கீங்க?" என்று அலறினாள்.

"வில்லியனூர்லதான்."

ஹோ என்று ஒரு சத்தம் எழுந்தது பாருங்கள்! வில்லியனூர் எங்களுக்குப் பக்கத்து ஊர். பஸ்ஸில் உட்கார இடம் தேடுவதற்குள் வந்துவிடும். யாரோ அதற்குள் பைக்கை ஸ்டார்ட் செய்தார்கள். மாமியார் செருப்பைத் தேடினாள். செல்வி போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்கவே கூடாது.

"கோயிலாண்ட செல்போன் சர்வீஸ் கடைம்மா. இந்த போன் ரெடியாயி இருக்குது, யாரும் வந்து வாங்கலயே..."

பைக் சத்தம் நின்றது.

அப்புறம் அவர் சொன்னதெல்லாம் எல்லோருக்கும் கேட்டது. வெளிநாடு கிளம்பும்போது ஒருத்தர் வந்து சார்ஜிங் பின் மாற்றச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாராம். மாற்றி, சரியாக ஏறுகிறதா பார்க்க சார்ஜில் போட்டு, மியூட் செய்து டிராயரில் வைத்திருந்தாராம். எப்போது பார்த்தாலும் முன்பின் தெரியாத நம்பர்களாக வந்துகொண்டே இருந்ததாம். "ஆன்லைன் லோன்காரனுங்க வெரட்டுறானுங்க போலன்னு நான் எடுக்கலம்மா. இன்னிக்கு என்னவோ அமைதியா இருந்துச்சி. ஒரே ஒரு கால்தான். 'வீடு'ன்னு பேர் வந்துச்சி. அதான் எடுத்தேன்."

அப்படியென்றால் செல்வி அடித்ததும் அதில் எங்கேயோ இருந்திருக்கிறது. எங்கள் அக்கறைக்கு அடியில் மாட்டிக்கொண்டு.

கூட்டம் மெல்லக் கலைந்தது. "அப்போ அவரு..." என்று ஒருத்தர் ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். யாரிடமும் ஒரு விளக்கமும் இல்லை. மாமியார் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். செல்வி போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கிழவி மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

போனை வாங்கி வர நானும் செல்வியும் என் ஸ்கூட்டரில் போனோம். கடைக்காரர் எழுந்து நின்று கொடுத்தார். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "எறங்குன ஒடனே வூட்ல சொல்லிடறேன், வந்து வாங்கிப்பாங்கன்னு சொன்னாரும்மா" என்றார்.

செல்வி தலையை ஆட்டினாள். திரும்பி வரும்போது, ஊர் எல்லையில், பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"அக்கா... எல்லாரும் சொன்னாங்களே, வேற ஒருத்தி இருக்கான்னு."

"அதான் பொய்னு ஆயிப்போச்சேடி."

"இருந்திருக்கலாங்க்கா. உசுரோடயாவது இருந்திருப்பாரு."

எனக்குப் பதில் தெரியவில்லை. குரூப்பில் கேட்டால் உடனே சொல்வார்கள்.