நான் ரத்துச் செய்த கட்டில்

ஒரு விடுதியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமானால், அங்கே தங்கியவர்கள் எழுதியதில் மிக மோசமானதை முதலில் வாசிக்க வேண்டும். நன்றாக இருந்தது என்பவர் ஒரு வரியோடு போய்விடுவார். கோபத்தோடு எழுதுகிறவர்தான் எந்த மாடி, எந்தக் குளியலறை, கதவின் கொண்டி எப்படிக் கழன்றிருந்தது என்றெல்லாம் சொல்வார். அதனால் நானும் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

மகளுக்கு அப்போது பத்தொன்பது வயது. பல்கலைக்கழகத்தின் ஜூலை விடுமுறையில் ஐரோப்பா போகப் போகிறேன் என்றாள். லண்டனில் இருந்த தோழியோடுதான் பயணம். ஆனால் தோழிக்கு லீவு கிடைக்கும்வரை முதல் ஐந்து நாட்கள் பாரிஸில் தனியாகத் தங்கி நிற்க வேண்டும். அவளே ஒரு மலிவான விடுதியைத் தேடி, பெண்களுக்கான ஆறு கட்டில் அறை ஒன்றில் ஒரு கட்டிலைப் பதிவு செய்துவிட்டு வந்து சொன்னாள்.

நான் நம்பவில்லை. மூன்று கிழமை, நாள்தோறும் வேலையால் வந்ததும், பாரிஸுக்குப் பூமியின் மறுபக்கத்தில் இருக்கும் எங்கள் எப்சம் வீட்டுச் சமையலறை மேசையில் கணினியோடு உட்கார்ந்து அந்த விடுதியைச் சோதித்தேன். விடுதிக்காரர் போட்ட படங்களை விட்டுவிட்டு, தங்கியவர்கள் எடுத்த படங்களை மட்டும் பார்த்தேன். வரவேற்பு மேசையில் நாள் முழுக்க ஆள் இருக்கிறார்களா? பூட்டி வைக்கும் பெட்டி முழு முதுகுப்பையும் கொள்ளுமா, கைப்பைக்கு மட்டும்தானா? குளியலறை அதே மாடியிலா? மெட்ரோ நிலையத்திலிருந்து விடுதி வாசல்வரை வரைபடப் படங்களில் ஒவ்வொரு கடையாக நடந்து போனேன். வழியில் ஒரு பேக்கரி, ஒரு மருந்துக்கடை, ஒரு பள்ளிக்கூடம். விடுதிக்கு ஒரு மின்னஞ்சலும் அனுப்பினேன்: ஜன்னல் உள்ளிருந்து பூட்டுமா? மறுநாளே பதில் வந்தது. பூட்டும், முதல் மாடி என்பதால் கம்பியும் உண்டு என்று. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் இடம் நல்ல இடம். நான் தோற்றுப்போனேன். மகள் சரியாகத்தான் தேர்ந்திருந்தாள்.

மவுண்ட் வெல்லிங்டன் கடையொன்றில் ஒரு பூட்டு வாங்கிக் கொடுத்தேன். நான்கு இலக்கப் பூட்டு. அந்தப் பெட்டிக்கு என்று.

அதற்கடுத்த ஞாயிறு, தேவாலயத்தில் பூசை முடிந்து மண்டபத்தில் தேநீர் குடிக்கும்போது அக்காவிடம் இதைச் சொன்னேன். அக்கா என்பது உறவுமுறை அல்ல. எங்கள் சபையில் எல்லாத் தமிழருக்கும் அவர் அக்கா. வீடு வாடகைக்கு வேண்டுமா, விசாவுக்கு ஆள் வேண்டுமா, பிள்ளைக்குக் கணக்கு வாத்தியார் வேண்டுமா, எல்லோரும் அவரிடம்தான் போவார்கள். கேட்காவிட்டால் கோபிப்பார்.

"ஹொஸ்டலோ?" என்றார். கையிலிருந்த ரோல்ஸை பிளேட்டில் வைத்துவிட்டார். "பாரிஸ் முழுக்க எங்கட ஆக்கள் இருக்க, குமர்ப்பிள்ளையை வெள்ளையளின்ட ஹொஸ்டலிலயோ விடப்போறீர்?"

"நல்ல இடம் அக்கா. நான் எல்லாம் பாத்தனான்."

"என்னத்தைப் பாத்தனீர், கொம்பியூட்டரிலயோ? என்ட தம்பி அங்க வீடு வச்சு ஆக்களை நிப்பாட்டுறவன். பொம்பிளைப் பிள்ளையளுக்குத் தனி அறை. சோறு கறியும் கிடைக்கும். நாளைக்கு ஒண்டெண்டால் ஆரிட்ட ஓடுறது, சொல்லும் பாப்பம்?"

பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டல்தான் என்னை விழுத்தியது. தமிழாட்கள் இருக்கும் ஊரில் மகளை அந்நியரிடம் விட்ட தாய் என்ற பெயர். அந்த வீட்டைப் பற்றி யாரும் எதுவும் எழுதியிருக்கவில்லை, ஒரு படம்கூட இல்லை, ஜன்னல் பூட்டுமா என்று நான் கேட்கவும் இல்லை. அக்காவின் தம்பியிடம் அப்படிக் கேட்டால் மரியாதையா? மூன்று கிழமை சோதித்த இடத்தை வீட்டுக்கு வந்து மூன்று நிமிடத்தில் ரத்துச் செய்தேன். மகள் கத்தவில்லை. அது தன்னுடைய புக்கிங் என்று மட்டும் ஆங்கிலத்தில் சொன்னாள்.

அவள் பாரிஸ் போய்ச் சேர்ந்து இரண்டு நாள் கழித்து, நான் காலை ஏழு மணிக்கு நகர மையத்துக்குப் போகும் பேருந்துக்காக நின்றேன். இங்கே மழை. அங்கே இன்னும் முந்தின நாள் மாலை, வெளிச்சம் போகவில்லை. தொலைபேசி அடித்தது.

"அம்மா, இஞ்ச இருக்கேலாது."

எப்போதும் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பிள்ளை. அந்த மூன்று சொல்லும் தமிழ். 

அக்காவின் தம்பி வீடு என்றது ஐந்தாம் மாடியில் மூன்று அறைகள். அடுக்குக் கட்டில்கள். சமையல் வேலைக்கும் துப்புரவு வேலைக்கும் போகும் பதினொரு ஆண்கள். தனி அறை என்றது கூடத்தின் மூலையில் ஒரு கட்டில், அதைச் சுற்றி ஒரு பூப்போட்ட திரைச்சீலை. நான் வாங்கிக் கொடுத்த பூட்டை மாட்ட அங்கே ஒரு வளையம்கூட இல்லை. வந்த அன்றே அக்காவின் தம்பி, "தாரும் பிள்ளை, பத்திரமா வைக்கிறன்" என்று கடவுச்சீட்டை வாங்கிக்கொண்டு, இரண்டு நாள் அலுவலாக வேறு ஊருக்குப் போய்விட்டார். பெரியவர் கேட்டால் கொடுக்க வேண்டும் என்று நான்தான் அவளை வளர்த்திருந்தேன். மறுநாள் பின்னேரம் அவள் படுத்திருந்தபோது திரைச்சீலையை ஒருவன் விலக்கினான். ஆள் மாறிவிட்டது என்று சிரித்துவிட்டுப் போனான். கொஞ்ச நேரத்தில் அவனே திரும்பவும் விலக்கினான். இந்தமுறை சிரிக்கவில்லை, போகவும் இல்லை. மகள் பையைத் தூக்கிக்கொண்டு, அவனைத் தள்ளிவிட்டு, ஐந்து மாடியும் இறங்கி, ரயில் நிலையத்துக் கஃபே ஒன்றில் உட்கார்ந்து என்னை அழைத்தாள்.

"ஏதும் செய்தவனோ?" என்று கேட்டேன். பேருந்து வந்து, நின்று, போய்விட்டது.

"இல்ல" என்றாள். அந்த இல்லையை இன்றுவரை நான் நம்பவும் இல்லை, திரும்பக் கேட்கவும் இல்லை.

அவள் முதலில் பதிவு செய்திருந்த விடுதிக்கு, மழையில் நின்றபடியே அழைத்தேன். பெண்கள் அறையில் ஒரு கட்டில் இருந்தது. ஆனால் கடவுச்சீட்டு வேண்டும். நான் அழுதேனோ கத்தினேனோ தெரியாது. வரவேற்பு மேசையில் இருந்த பெண் இடையில் மறித்து, கடவுச்சீட்டின் படம் ஏதும் இருந்தால் அனுப்புங்கள், உங்கள் மகளை இங்கே வரச் சொல்லுங்கள், நான் வாசலில் நிற்கிறேன் என்றாள். உண்மையாகவே வாசலில் நின்றாளாம். அந்த அந்நியப் பெண்ணின் முகம் எனக்குத் தெரியாது. அக்காவின் முகம் நன்றாகத் தெரியும்.

கடவுச்சீட்டு மூன்றாம் நாள்தான் திரும்பக் கிடைத்தது. அந்த ஞாயிறு மண்டபத்தில் அக்காவிடம் போனேன். அவர் மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் இந்தக் கதை அங்கே முடிந்திருக்கும்.

"பிள்ளை கொஞ்சம் பயந்திட்டுது போல" என்றார். "இஞ்ச வளந்ததுகள் அப்பிடித்தான். ஒரு ஆம்பிளை குறுக்க நடந்தாலே பிரச்சினை எண்டுங்கள். இதை ஊரெல்லாம் கதைக்காதேயும், உம்மட பிள்ளைக்குத்தான் கூடாத பேர்."

என் பிள்ளைக்கு. என்னிடம், தேநீர்க் கோப்பையை நீட்டியபடி.

கணவர் விடச் சொன்னார். பங்குச் சாமியாரும் ஒருமுறை மறைமுகமாகச் சொன்னார். நான் விடவில்லை. சண்டை பிடித்தால் ஒரு மாதத்தில் மறப்பார்கள். அக்காவிடம் இருந்தது ஒன்றே ஒன்று: எல்லோரும் அவரிடம் கேட்பது. அதை எடுப்பதென்று முடிவு செய்தேன்.

எங்கள் சபையில் பிள்ளைகள் படிப்பு முடிந்ததும் ஐரோப்பா போவது அப்போது வழக்கமாகிக் கொண்டிருந்தது. ஒரு தாள் தயாரித்தேன். மோசமான குறிப்பை முதலில் வாசியுங்கள். தங்கியவர் எடுத்த படத்தை மட்டும் நம்புங்கள். நாள் முழுக்க வரவேற்பில் ஆள் இல்லாத இடம் வேண்டாம். நிலையத்திலிருந்து பத்து நிமிடத்துக்கு மேல் நடக்கும் இடம் வேண்டாம். கடவுச்சீட்டைக் காட்டலாம், கொடுக்கக் கூடாது. கடைசி வரியை மட்டும் பேச்சுத் தமிழில் எழுதினேன்: "தெரிஞ்ச ஆக்கள் எண்டதுக்காக ஓரிடத்தை எடுக்காதேங்கோ." பெயர் போடவில்லை. மண்டபத்தில் வாசித்த ஒவ்வொருவரும் கடைசி வரியில் தலை நிமிர்ந்து, அக்கா இருக்கும் மேசையைப் பார்த்தார்கள்.

பார்சிலோனாவில், ரோமில், பெர்லினில் எந்த விடுதியில் பெண்கள் அறை எந்த மாடியில் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். நான் அந்த நகரங்களுக்குப் போனதில்லை. இரண்டு வருடத்தில், விடுதி என்று தொடங்கியது வாடகை வீடு, வாத்தியார் என்று பரவி, எல்லாக் கேள்வியும் என் மேசைக்கு வந்தது. அக்கா தனியாகத் தேநீர் குடிப்பதைப் பார்க்க எனக்கு நன்றாக இருந்தது. நன்றாக இருந்தது என்றுதான் எழுத வேண்டும், வேறு சொல் தேடினால் அது பொய்.

பிறகு ஒரு ஞாயிறு, அக்காவின் மகளே என்னிடம் வந்தாள். அவளுக்கும் பத்தொன்பது.

"அன்ரி, நான் பாரிஸ் போறன். அம்மா சொன்னவ உங்களிட்டத் தாள் இருக்காம், போய்க் கேளெண்டு."

"உங்கட மாமா அங்க இருக்கிறார் எல்லோ, பிள்ளை?"

"ஐயோ, அங்க நிக்கேலாது அன்ரி. முழுக்க ஆம்பிளையள். அம்மா எங்களைச் சின்னனிலயே அங்க நிக்க விடமாட்டா. மாமா வீட்டுக்குச் சாப்பிட மட்டும்தான் போவம்."

சின்ன வயதிலேயே. அப்படியானால் என் மகளை அனுப்பும்போது அவருக்குத் தெரியும்.

தாளைக் கொடுத்தேன். மிக நல்ல விடுதியின் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். அதில் நான் வஞ்சகம் செய்யவில்லை. பிறகு அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, ஏழெட்டுப் பெண்கள் இருந்த மேசைக்குப் போனேன்.

"அக்கா, மகள் பாரிஸில எங்க நிக்கிறதெண்டு கேக்கிறா. தம்பியின்ட வீட்டில இடமில்லையோ?"

அக்கா நிமிர்ந்தார். "அது... இப்ப அங்க ஆக்கள் கூட."

"அப்பவும் கூடத்தான், அக்கா. பதினொரு பேர்."

"அம்மா, நீங்கள்தானே சொன்னனீங்கள்" என்றாள் அந்தப் பிள்ளை, ஒன்றும் விளங்காமல். "பொம்பிளைப் பிள்ளையள் நிக்கிற இடமில்லை எண்டு."

 ஒருவர் கரண்டியால் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார். அக்காவின் முகம் கழுத்துவரை கறுத்தது. நான் எத்தனையோ ஞாயிறு நினைத்துப் பார்த்த முகம் அது. நினைத்ததைவிட நன்றாகவே இருந்தது.

மகள் அன்று மண்டபத்துச் சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். அங்கிருந்து எல்லாம் கேட்கும் என்பதை நான் யோசிக்கவில்லை. காரில் வரும்போது, கிரேட் சவுத் ரோட் சிவப்பு விளக்கில் நின்றபோதுதான் வாய் திறந்தாள். ஆங்கிலத்தில் கேட்டாள், அந்தப் பிள்ளையை ஏன் இழுத்தீர்கள் என்று.

"அவவின்ட தாய்க்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் உன்னை அனுப்பினவ."

"அவ சொன்னவ" என்றாள் மகள். இப்போது தமிழில், ஒவ்வொரு சொல்லாக. "கான்சல் பண்ணினது நீங்கள்."

விளக்கு பச்சையாகி, பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். நான் காரை எடுத்தேன்.  அக்கா கேட்க வேண்டுமென்று இரண்டு வருடமாக நான் காத்திருந்த மன்னிப்பை, நானும் மகளிடம் கேட்டிருக்கவில்லை. அன்று வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டுக் கேட்டேன். அவள் "ஓம்" என்றாள். மன்னித்துவிட்டேன் என்று சொல்லவில்லை.

அடுத்த வருடம் அவள் திரும்பவும் போனாள், லிஸ்பனுக்கு. சபையில் எல்லாப் பிள்ளைகளும் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள், இவள் மட்டும் கேட்கவில்லை. எங்கே நிற்கிறாய் என்றேன். பதிவு செய்துவிட்டேன் என்றாள். பெயர் சொல்லவில்லை. எழும்பி வந்த கேள்விகள் எல்லாவற்றையும், ஜன்னல் கேள்வி உட்பட, விழுங்கிக்கொண்டேன்.

அவள் போய்ச் சேர்ந்த அன்று, பேருந்துத் தரிப்பில் தொலைபேசி அதிர்ந்தது.  ஒரு படம், சொல் ஒன்றும் இல்லை. சாம்பல் நிற இரும்புப் பெட்டி, அதில் நான் மவுண்ட் வெல்லிங்டனில் வாங்கிக் கொடுத்த நான்கு இலக்கப் பூட்டு, பூட்டியபடி.

படத்தைப் பெரிதாக்கினேன். கொண்டி தடிப்பானது, ஆணிகள் நான்கும் இறுக்கமாக இருந்தன. முழு முதுகுப்பையும் கொள்ளும் பெட்டி. விடுதியின் பெயர் மட்டும் எங்கும் தெரியவில்லை. அது படத்தில் விழாமல் எடுக்க அவள் கொஞ்சம் முயன்றிருக்க வேண்டும்.

அக்கா இப்போதும் பூசையில் எனக்கு இரண்டு வாங்கு வரிசை முன்னால் இருக்கிறார். சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் நேரத்தில் அவர் திரும்பிப் பார்ப்பார். நான் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுவேன்.